ஒற்றை விரல் காட்டிய இடம்

மாணவர்களே, நம் அடிவயிற்றின் வலப்பக்கத்தில், பெருங்குடல் தொடங்குமிடத்தில், மண்புழுவைப் போன்றதொரு சிறு குழாய் தொங்குகிறது. மூன்று நான்கு அங்குல நீளமுள்ள அதனைக் குடல்வால் என்கிறோம். அது வீங்கிச் சீழ் கொண்டு உடைந்தால் வயிறு முழுவதும் நஞ்சாகும். இவ்வாறு மாண்ட இளைஞர் எண்ணற்றோர். ஆயினும் நெடுங்காலம் மருத்துவர்கள் பெருங்குடலின் தொடக்கப் பையையே பெரும்பாலும் குற்றம் சாட்டினர். அபினி கொடுத்து, ஒத்தடமிட்டுக் காத்திருந்தனர்.

பாஸ்டன் நகரத்து ரெஜினால்டு ஃபிட்ஸ் 1886-இல் அந்த மயக்கத்தைத் தெளிவித்தார். இறந்தோர் உடல்களில் கண்டவற்றையும் நோயாளிகளின் வரலாறுகளையும் தொகுத்து, நோயின் பிறப்பிடம் குடல்வாலே என்று நிறுவினார். ‘அப்பெண்டிசைட்டிஸ்’ என்னும் பெயரும் அவர் இட்டதே. காலத்தோடு வயிற்றைத் திறக்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். ஆனால் வயிற்றுவலி என்று வருவோரையெல்லாம் கத்தியால் கீறிப் பார்க்க முடியுமா? உயிரோடு இருப்பவனிடத்தில் நோயை எவ்வாறு அறிவது?

அதற்கு விடை தந்தவர், நியூயார்க்கில் ரூஸ்வெல்ட் மருத்துவமனையில் இரண சிகிச்சை நிபுணராயிருந்த சார்லஸ் மக்பர்னி. இடுப்பெலும்பின் முன்புறத்து முனையிலிருந்து கொப்பூழுக்கு ஒரு நேர்கோடு இழுத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். அம்முனையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அங்குலத் தொலைவில் ஒற்றை விரலால் அழுத்தினால், மிகக் கடுமையான நோவு அங்கே தோன்றும் என்று அவர் 1889-இல் எழுதினார். ஒற்றை விரல் என்பதுதான் இங்கே உயிர்நாடி. உள்ளங்கை முழுவதையும் பதித்தால் வயிறெங்கும் வலிப்பதாகவே தோன்றும். விரல்நுனியோ இடத்தைப் பிரித்துக் காட்டிவிடும்.

இந்நோயில் வலி முதலில் கொப்பூழைச் சுற்றியே தொடங்குவது வழக்கம். குடலின் நரம்புகளுக்கு இடஞ்சுட்டும் ஆற்றல் குறைவு. வீக்கம் வயிற்றின் உட்புறச் சவ்வைத் தொட்ட பின்னரே வலி வலப்பக்கம் இறங்கி ஓரிடத்தில் நிலைக்கிறது.

இங்கிலாந்தில் சர் ஃபிரெடெரிக் ட்ரீவ்ஸ் இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர். வீக்கம் தணியும்வரை பொறுத்திருப்பதே நன்று என்பது அவர் கொள்கை. அவருடைய மகளே 1900-இல் இந்நோயால் இறந்தாள். இரண்டாண்டு கழித்து, ஏழாம் எட்வர்டு மன்னருக்கு முடிசூட்டு விழா ஜூன் 26 என்று நாள் குறித்திருந்த வேளையில், அரசருக்கு இதே நோய் கண்டது. வேற்று நாட்டு விருந்தினர் லண்டனில் வந்து கூடிவிட்டனர். அரசர் விழாவை ஒத்திப்போட மறுத்தார். அரண்மனை விழாவை அறிந்தா குடல்வால் பழுக்கிறது? ட்ரீவ்ஸ் விடாது வற்புறுத்தி, ஜூன் 24-இல் பக்கிங்காம் அரண்மனையிலேயே சீழை வடித்தார். 1902 ஆகஸ்டு 9-இல் மன்னர் முடிசூடினார்.

பிறகு வேறு குறிகளும் சேர்ந்தன. கோபன்ஹேகன் நகரத்து ராவ்சிங், இடப்பக்கத்தை அழுத்தினால் வலப்பக்கம் வலிப்பதை 1907-இல் எடுத்துரைத்தார். மெல்ல அழுத்திய கையைச் சட்டென எடுக்கையில் வலி மிகுவதைக் காட்டியவர் ப்ளூம்பெர்க். எக்குறியும் முற்றும் பொய்யாதது அன்று. குடல்வால் பெருங்குடலின் பின்புறம் மறைந்து கிடப்பாரிடத்தில் மக்பர்னியின் புள்ளி வாளாவிருக்கலாம். இன்று ஒலியலைப் படமும் ஸ்கேனும் துணைக்கு வந்துள்ளன. ஆயினும் மருத்துவரின் கைதான் பெரும்பாலும் முந்திச் செல்கிறது.

இதை நான் கற்றது நூலில் அன்று. மாணவர் விடுதிப் பொறுப்பு என்னிடம் இருந்த நாளில், ஒரு சிறுவன் கொப்பூழைச் சுற்றி வலிக்கிறது என்றான். நம் வீட்டு வழக்கப்படி விளக்கெண்ணெய் கொடுத்துப் படுக்க வைத்தேன். மறுநாள் காலை வலி வலப்பக்கம் இறங்கிக் காய்ச்சலும் கண்டது. டாக்டர் வந்து விரலொன்றை ஊன்றினார், பையன் துடித்துப்போனான். “பேதிக்கு ஏதேனும் கொடுத்தீர்களா, சார்?” என்று என்னைக் கேட்டார். குடலை முடுக்கினால் பழுத்த வால் உடையக்கூடும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அன்று பிற்பகலே அறுவை நடந்தது. குடல்வால் உடைந்திருந்தது. பையன் பிழைத்தான், பள்ளிக்குத் திரும்ப அவனுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.