அபிசீனியாவுக்குப் போன டிரங்குப் பெட்டியும் லேப்டாப்பும்

2007 செப்டம்பரில் என் சித்தி பையன் ஊரிலிருந்து கிளம்பி மும்பைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை. அடிஸ் அபாபாவுக்கு அப்போது சென்னையிலிருந்து விமானம் கிடையாது, இங்கிருந்தோ டெல்லியிலிருந்தோதான் ஏற வேண்டும். பத்து நாள் முன்னாலேயே வந்துவிட்டான். காரணம் கேட்டால், "லேப்டாப் வாங்கணும்ண்ணா. லாமிங்டன் ரோட்டுல சல்லிசா கிடைக்கும்னு சொன்னாங்க."

அவன் வேலை கிடைத்ததைச் சொன்னதுமே எனக்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவரும் 1960-களில் எத்தியோப்பியாவில் வேலை பார்த்தவர். "அபிசீனியா" என்றுதான் சொல்வார். பம்பாயில் கப்பல் ஏறி, ஏடன் வழியாக ஜிபுட்டியில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் அடிஸ் அபாபா. கையில் ஒரு தகர டிரங்குப் பெட்டி. துணிமணி கொஞ்சம், மிச்சமெல்லாம் ஹால் அண்ட் நைட் அல்ஜீப்ரா, லோனி டிரிகனாமெட்ரி என்று புத்தகங்கள். "போற இடத்துல என்ன இருக்கும்னு தெரியாதுடா" என்பார்.

நம்மூர் வாத்தியார்களை அந்த நாடு தேடியதற்குப் பின்னால் ஒரு கொடூரமான கதை இருக்கிறது. 1936-ல் முசோலினியின் படை எத்தியோப்பியாவைப் பிடித்தது. 1937 பிப்ரவரியில் இத்தாலிய வைஸ்ராய் கிராசியானி மீது அடிஸ் அபாபாவில் குண்டு வீசினார்கள். ஆள் பிழைத்துக்கொண்டான். பதிலுக்கு மூன்று நாள் நகரத்தில் கொலைவெறி ஆட்டம். அதோடு நிற்காமல், படித்த இளைஞர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். 1941-ல் பேரரசர் ஹைலி செலாசி திரும்பி வந்தபோது, பள்ளிக்கூடம் திறக்கலாம், பாடம் நடத்த ஆள் இல்லை. ஒரு தலைமுறையே காலி. உயர்நிலைப் பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில் என்று ஆனதால் ஆங்கிலத்தில் கணக்கும் அறிவியலும் நடத்தக்கூடிய ஆள் வேண்டும். இந்தியாவில் அப்படிப்பட்ட பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை, வேலைக்குத்தான் பஞ்சம். கேரளத்துக்காரர்கள் அதிகம் போனார்கள், தமிழ்நாட்டிலிருந்தும் போனார்கள். 1962-ல் அமெரிக்கப் பீஸ் கோர் இளைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். 1974-ல் ராணுவம் பேரரசரை இறக்கியது. அதற்கடுத்த வருடங்களின் ரத்தக்களரியில் வெளிநாட்டு வாத்தியார்கள் பலர் மூட்டை கட்டினார்கள். எங்கள் சாரும் அப்போதுதான் ஊர் திரும்பினார்.

இரண்டாவது அலை 2000-களில். 1990-களின் நடுப்பகுதி வரை அந்த நாட்டில் இருந்ததே இரண்டு பல்கலைக்கழகங்கள்தான்: அடிஸ் அபாபா, அலெமாயா. பிறகு ஜிம்மா, மெக்கெலே, பஹிர் தார் என்று ஆரம்பித்து, அதன் மேல் இன்னும் 13 புதிய பல்கலைக்கழகங்கள். கட்டடம் எழும்பிவிடும். ஆசிரியர்? மறுபடியும் இந்தியா. இந்த முறை தமிழ்நாட்டுத் தனியார் பொறியியல் கல்லூரிகளில் குறைந்த சம்பளத்தில் கிடந்தவர்கள் கூட்டமாகப் போனார்கள். என் தம்பியும் அதில் ஒருத்தன்.

நடுவில் இன்னொரு சங்கதி. ஆசிரியர் பற்றாக்குறைக்கு எத்தியோப்பிய அரசு 2004 வாக்கில் வேறொரு மருந்தும் கண்டுபிடித்தது. உயர்நிலைப் பள்ளி வகுப்பறைகளில் பெரிய பிளாஸ்மா டிவிக்களை மாட்டி, தென்னாப்பிரிக்காவில் தயாரித்த ஆங்கிலப் பாடங்களைச் செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பியது. பாட வேளையின் பெரும்பகுதி டிவி பேசும், வகுப்பு ஆசிரியர் ஓரமாக நிற்பார். பையன் கை தூக்கினால் டிவி நிற்குமா? கரண்ட் போனால் பாடமும் போச்சு. இதை யாரோ சொல்லித் தம்பி கேள்விப்பட்டிருந்தான். லாமிங்டன் ரோட்டுக்குப் போகும்போது ரயிலில் கேட்டான்: "டிவியே பாடம் நடத்துதுன்னா, நான் எதுக்குண்ணா போறேன்?" என்னிடம் பதில் இல்லை. கிராண்ட் ரோடு ஸ்டேஷன் வந்துவிட்டது, இறங்கிவிட்டோம்.

லேப்டாப் வாங்கியது பெரிய கதையில்லை. விஸ்டா போட்ட மாடலை வைத்துக் கடைக்காரர் தலையில் கட்டப் பார்த்தார், 512 எம்பி ராமில் அது திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் :-) விண்டோஸ் இல்லாத 'டாஸ் மாடல்' ஒன்றை எடுத்து, எக்ஸ்பி தனியாக வாங்கினோம். எக்ஸ்பியில் தமிழ் தெரிய அந்த சிடியைப் போட்டுத் தனியாக ஒரு டிக் அடிக்க வேண்டும், அதையும் வீட்டிலேயே முடித்தோம். வாரண்டி இந்தியாவுக்குள் மட்டும். அங்கே ரிப்பேர் ஆனால் அவன் பாடு. சார்ஜர் எந்த வோல்டேஜையும் தாங்கும், ஆனால் நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அதற்கொரு அடாப்டர். பத்து வருடம் முன்னால் என்றால் எலக்ட்ரானிக்ஸ் சாமானை இங்கே வாங்கிக்கொண்டு வெளிநாடு போவதைச் சொன்னால் சிரிப்பார்கள். 1997-ல் இந்தியா சேர்ந்த உலக வர்த்தக ஒப்பந்தப்படி 2005-க்குள் கணினிகளுக்கான சுங்கவரி பூஜ்யமாகிவிட்டதால்தான் இது சாத்தியமானது.

வாங்க ஒரு நாள். நிரப்ப ஒன்பது நாள். அங்கே அப்போது இணையம் கொடுத்தது ஒரே அரசு நிறுவனம், அதுவும் ஆமை வேகம். 2005 தேர்தல் கலவரத்துக்குப் பின் எஸ்எம்எஸ்ஸையே நிறுத்தி வைத்திருந்த நாடு. 2007 செப்டம்பரில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். எனவே வேண்டியதெல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும். ஐஐடிகள் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்த என்பிடெல் பாடங்கள், எம்ஐடியின் ஓப்பன் கோர்ஸ்வேர், நண்பர்களிடமிருந்த மின்புத்தகங்கள். எம்ஐடிக்காரர்களே ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குத் தங்கள் பாடங்களை ஹார்ட் டிஸ்கில் போட்டுத்தான் அனுப்பினார்கள். எங்கள் வீட்டு பிராட்பேண்ட் ராத்திரி முழுக்க ஓடியது. 80 ஜிபியில் கடைசியில் இடம் இல்லை. என் மனைவி கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சலுக்கும் பெட்டியில் இடம் இல்லாமல் சண்டை. கையில் தூக்கிப் போகலாம் என்று விற்ற ஆஸ்போர்ன் கணினி (1981) 11 கிலோவாம். அதைக் கொண்டு போயிருந்தால் புளிக்காய்ச்சல் நிச்சயம் மும்பையிலேயே நின்றிருக்கும்.

அவன் இறங்கியபோது அந்த ஊரில் கி.பி. 2000 பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எத்தியோப்பிய நாள்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால். காலை ஏழு மணியை ஒரு மணி என்பார்கள். முதல் வாரம் லேப்டாப் கடிகாரத்தை நம்பி ஒரு வகுப்பையே தவறவிட்டான்.

பிளாஸ்மா டிவியில் படித்து வந்த பிள்ளைகள்தான் அவன் மாணவர்கள். ஸ்லைடு போட்டால் அசையாமல் பார்ப்பார்களாம், ஒரு கேள்வி வராதாம். ஒரு நாள் நடுவில் கரண்ட் போய் ப்ரொஜெக்டர் நின்றது, சாக்பீஸை எடுத்தான். "அன்னிக்குத்தான்ணா முதல் தடவை ஒருத்தன் 'புரியல, திரும்பச் சொல்லுங்க'ன்னான்" என்று போனில் சொன்னான். அதற்கப்புறம் லேப்டாப்பை வகுப்புக்குக் கொண்டுபோவதைக் குறைத்துக்கொண்டான். ஆனால் சாயங்காலமானால் அவன் அறை வாசலில் பென் டிரைவோடு கூட்டம். மாணவர்கள், பக்கத்துத் துறை ஆசிரியர்கள் எல்லோரும் புத்தகம் காப்பி பண்ணிக்கொண்டு போவார்கள், பதிலுக்கு வைரஸ் கொடுத்துவிட்டுப் போவார்கள். அம்ஹாரிக் எழுத்தும் அப்படி வந்தவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான். நம் உயிர்மெய் மாதிரியே மெய்யோடு உயிர் சேர்ந்து உருமாறுகிற எழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஏழு உருவம். தமிழ் படித்தவனுக்கு அது ஒரு மாத வேலை.

2011-ல் ஊர் திரும்பினான். லேப்டாப் வரவில்லை. அதில் இருப்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் உபயோகம் என்று துறையிலேயே விட்டுவிட்டு, அந்த எடைக்கு காப்பிக்கொட்டை கொண்டுவந்தான். போகும்போது மும்பை விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம், திரும்பி வரும்போது வரி கேட்காமலிருக்க, மாடல் நம்பர் எழுதி முத்திரை குத்தி ஒரு சீட்டு வாங்கியிருந்தான். நான்கு வருடம் அதை பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்தவனிடம் வரும்போது யாரும் எதையும் கேட்கவில்லை. அந்தச் சீட்டு இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கிறது.