எல்லை தாண்டும் வண்டிகள்

வெளிநாட்டில் சில வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு முறையாவது இந்த ஆசை வரும்: அங்கே ஓட்டிய காரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டால் என்ன? சுங்க வரியைக் கணக்குப் போட்டுப் பார்த்ததும் ஆசை அடங்கிவிடும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் துறைமுகத்துப் பக்கமே போகாதவர்கள். சென்னையில் கார் வாங்கி, மாற்றல் வந்து, அதை புனேவுக்கோ பெங்களூருக்கோ தில்லிக்கோ ஓட்டிவந்தவர்கள். நமக்கும் ஒரு சுங்கச்சாவடி காத்திருக்கிறது. அதற்குப் பெயர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் :-)

ஒரே நாட்டுக்குள் ஒரு கார் எப்படி அந்நியப் பொருளாகிறது? கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

முதலில் வெளி எல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் கார் என்றாலே இறக்குமதிதான். 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் தொழிற்சாலை போட்டது. அதுகூட வெளியிலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டுகிற வேலைதான். ஃபோர்டும் அப்படித்தான் செய்தது. சுதந்திரத்துக்குப் பின் அரசு கதவை மூடியது. 1949-ல் முழு வண்டிகளின் இறக்குமதிக்குத் தடை. 1953-ல், இங்கேயே தயாரிக்கத் திட்டமில்லாத நிறுவனங்கள் கடையைக் கட்டலாம் என்ற முடிவு. அடுத்த வருஷமே ஜெனரல் மோட்டார்ஸ் கிளம்பிவிட்டது. மிஞ்சியவை அம்பாசடர், ஃபியட், நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட். முன்பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த கதைகளை அப்பாக்களிடம் கேட்டிருப்பீர்கள். வெளிநாட்டுக் கார் வேண்டுமென்றால் தூதரகங்கள் கழித்துவிட்டதை வாங்க வேண்டும், அல்லது வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து வருகிறவராக இருக்க வேண்டும்.

2001 ஏப்ரலில் கட்டுப்பாடுகள் விலகின. ஆனாலும் பழைய காருக்குப் புது நிபந்தனைகள் வந்தன: மூன்று வருஷத்துக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பை துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். வரியோ வண்டியின் விலையையே தாண்டிவிடும். அது எவ்வளவு கனமானது என்று நாட்டுக்குப் புரிய வைத்தது சச்சினின் ஃபெராரி. பிராட்மனின் 29 சதங்களைச் சமன் செய்ததற்காக 2002-ல் ஃபியட் நிறுவனம் பரிசளித்த கார் அது. 2003-ல் அரசு ஒரு கோடிக்கும் மேலான வரியைத் தள்ளுபடி செய்ய, ஊரே கொந்தளித்தது. விஷயம் தில்லி உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் ஃபியட்டே வரியைக் கட்டியது.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். உள் எல்லை.

அரசியல் சாசனத்தின் 301-ஆவது பிரிவு இந்தியா முழுக்க வணிகமும் போக்குவரத்தும் தடையின்றி நடக்கலாம் என்கிறது. அதே சாசனத்தில் மாநிலப் பட்டியலின் 57-ஆவது இனம் வாகனங்கள் மீது வரி போடும் உரிமையை மாநிலங்களுக்குத் தருகிறது. 52-ஆவது இனம் ஒரு பகுதிக்குள் நுழையும் பொருள்கள் மீது நுழைவு வரி போட அனுமதித்தது. ஒரு கை கதவைத் திறக்க, இன்னொரு கை வாசலில் உண்டியல் வைக்கிறது. இந்த முரண்பாடு அசாமிலிருந்து கல்கத்தாவுக்குப் போன தேயிலை வழக்கில் (அத்தியாபாரி, 1961) தொடங்கி, 2016-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு வரை அலைந்தது.

ஆரம்பத்தில் இது பெரிய தொல்லையாக இல்லை. நம்பர் பலகையில் எம்.எஸ்., எம்.டி. என்று எழுத்துகள் இருந்த காலம் அது. (எம்.ஜி.ஆரின் அம்பாசடர் டி.எம்.எக்ஸ். 4777 பலருக்கும் நினைவிருக்கும்.) சாலை வரியை மூன்று மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை கட்டிவந்தார்கள். ஊர் மாறினால் அடுத்த தவணையைப் புது ஊரில் கட்டினால் தீர்ந்தது. பிறகு ஒவ்வொரு மாநிலமாக ஆயுள் வரிக்கு மாறின. பதினைந்து வருஷ வரியை வாங்கும்போதே மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். வசூலிக்கிறவர்களுக்கு வசதிதான், ஒரே ஊரில் இருப்பவர்களுக்கும் வசதிதான். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டுகிற நமக்கு? பத்து வருஷ வரி பழைய மாநிலத்தின் கஜானாவில் தூங்கும்போது புது மாநிலம் கையை நீட்டும்.

1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் நியாயமாகத்தான் எழுதப்பட்டது. 46-ஆவது பிரிவின்படி ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டி நாடு முழுக்கச் செல்லும். 47-ஆவது பிரிவின்படி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் புது எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் 28-ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்று, வண்டிக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம், புது ஊரில் 27-ஆம் படிவம், அங்கே வரி, பிறகு பழைய ஊரில் மீதி வரியைத் திருப்பிக் கேட்கும் மனு. படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் புது ஊரில் முழுதாகக் கட்டிவிட்டுத்தான் பழைய ஊரில் கேட்க முடியும். அந்த ஆர்.டி.ஓ. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். திரும்பி வரவேண்டிய தொகையைவிட ரயில் டிக்கெட்டும் லீவும் அதிகமாகிவிடும் என்று அப்படியே விட்டுவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

மாநிலங்களின் பக்கமும் நியாயம் உண்டு. வரி குறைந்த இடத்தில் வாங்கி, வரி கூடிய இடத்தில் ஓட்டும் சாமர்த்தியம் பழையது. நமக்குத் தெரிந்த உதாரணம் புதுச்சேரி. விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட நாட்களில், வெளியே வாங்கி உள்ளே கொண்டுவருவதற்கு எதிராகத் தமிழ்நாடு 1990-ல் வாகன நுழைவு வரிச் சட்டமே போட்டது. நடிகர் விஜய் 2012-ல் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ரோல்ஸ் ராய்ஸ் வழக்கு அந்தச் சட்டத்தின் கீழ்தான். 2017-ல் கேரளத்தில் திரையுலகினர் சிலர் புதுச்சேரி முகவரி காட்டிச் சொகுசுக் கார்களைப் பதிந்ததாக வழக்குகள் வந்தன.

ஆனால் கோடீஸ்வரர்களுக்கு விரித்த வலையில் மாட்டுவது மாற்றல் வாங்கி வந்த மாருதிக்காரர்தான். 2014-ல் கர்நாடகம் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி முப்பது நாளுக்கு மேல் தங்கினாலே ஆயுள் வரி என்றது. பெங்களூரில் டி.என்., கே.எல். பலகைகளைத் தேடித்தேடி நிறுத்தினார்கள். 2016-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்னது. இங்கே புனேயில் போக்குவரத்துப் போலீஸை 'மாமா' என்றுதான் அழைப்பார்கள். எம்.எச். 12 வண்டிகளுக்கு நடுவே ஒரு டி.என். பலகை தெரிந்தால் மாமாவின் கை தானாக உயரும். அப்போது கையில் இருக்க வேண்டியது நீங்கள் ஊருக்குள் வந்த தேதிக்கு ஆதாரம்: சுங்கச்சாவடி ரசீது, பெட்ரோல் பில், சாமான் ஏற்றிவந்த லாரியின் ரசீது.

இதில் இரண்டு முடிச்சுகள் அவிழ்ந்துவிட்டன. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நுழைவு வரியும் மும்பையின் ஆக்ட்ராயும் போயின. எந்த மாநிலத்தில் வாங்கினாலும் அந்த வரி ஒன்றே. மிஞ்சியது சாலை வரி. அதற்கு 2021 செப்டம்பர் 15 முதல் பி.எச். வரிசை வந்தது. பாரத் என்பதன் சுருக்கம் அது. பலகையில் மாநிலப் பெயரே இருக்காது. வரியை இரண்டிரண்டு வருஷமாகக் கட்டலாம். ஊர் மாறினால் மறுபதிவு தேவையில்லை. ஒரு வகையில் தாத்தா காலத்துத் தவணை முறைக்கே திரும்பியிருக்கிறோம்!

ஆனால் அது யாருக்குக் கிடைக்கும்? அரசு, ராணுவம், பொதுத்துறை ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் மட்டும். சின்ன கம்பெனியில் வேலை பார்ப்பவரும், சொந்தமாகக் கடை வைத்திருப்பவரும், இட்லி மாவு அரைத்து விற்கும் நம்மூர்க்காரரும் பழைய வரிசையில்தான் நிற்க வேண்டும். சாலைக்கு வரி கேட்பதில் தப்பில்லை. பதினைந்து வருஷப் பணத்தை ஒரு மாநிலம் வாங்கிக்கொண்டால், வண்டி கிளம்பும்போது மீதிப் பணமும் கூடவே கிளம்ப வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் அழுத்தினால் வண்டியின் சரித்திரமே தெரிகிற காலத்தில், அந்தப் பணத்தை மாநிலங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள முடியாதா? நடுவில் குடும்பஸ்தன் எதற்கு அலைய வேண்டும்?

உங்கள் வண்டி எத்தனை எல்லை தாண்டியது, மீதி வரி கைக்கு வந்ததா என்று எழுதுங்கள். புதிதாக மாற்றலாகி வருகிறவர்களுக்கு உதவும்.