ஓஸ் பைப் ஏன் மடங்குகிறது? கவலைச் சாலில் தொடங்கி அம்பத்தூர் வரை

கோடை வந்தால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் தெருவுக்குத் தெரு இதைப் பார்க்கலாம். வாசலில் ஒருவர் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விடுவார். திடீரென்று தண்ணீர் நின்றுவிடும். "மோட்டார் நின்னுபோச்சா?" என்று உள்ளே குரல் கொடுப்பார். மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் எங்கோ பைப் மடங்கிக் கிடக்கும்.

ஒரு மடங்கிப்போன பைப்புக்கு எதற்கு வரலாறு என்று கேட்காதீர்கள். தேடிப் படித்தால் நம்ம ஊர்க் கிணற்றடி, ஹாலந்து நாட்டு ஓவியர், மேட்டூர் ஆலை என்று எங்கெங்கோ போகிறது.

முதலில் நம்ம ஊர். பூந்தமல்லியின் பழைய பெயரான பூவிருந்தவல்லியிலேயே பூ இருக்கிறது. 11-ம் நூற்றாண்டில், ராமானுஜர் காலத்தில் வாழ்ந்த திருக்கச்சி நம்பிகள் இந்த ஊர்க்காரர். இங்கே நந்தவனம் வைத்துப் பூப்பறித்துக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டு போனார் என்பது வைணவ மரபு. நந்தவனம் என்றால் தண்ணீர் இறைக்க வேண்டுமே! அந்தக் காலத்தில் அதற்கு ஏற்றமும் கவலையும்தான். (தெற்கே கமலை என்பார்கள். வட மாவட்டங்களில் கவலை.)

மாடு கட்டி இறைக்கும் கவலையில் சாலின் அடியில் தோலால் செய்த வால் மாதிரி ஒரு குழாய் தொங்கும். யோசித்துப் பாருங்கள், வளையும் குழாய்! சால் கிணற்றிலிருந்து மேலே வரும்போது ஒரு மெல்லிய கயிறு அந்த வாலை மடக்கி மேல் நோக்கிப் பிடித்திருக்கும். அதனால் தண்ணீர் கீழே கொட்டாது. சால் மேலே வந்ததும் அந்தக் கயிறு வாலைத் தொட்டிப் பக்கம் இழுக்கும். வால் நிமிர்ந்து தண்ணீர் தானாகக் கொட்டும். அதாவது குழாய் மடங்கினால் தண்ணீர் நிற்கும், நிமிர்ந்தால் ஓடும். இன்று நம்மைக் கடுப்பேற்றும் அதே விஷயத்தை நம் முன்னோர்கள் வால்வாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்!

அடுத்து ஆம்ஸ்டர்டாம். யான் வான் டெர் ஹெய்டன் என்பவர் நகரக் காட்சிகளை வரைவதில் பேர் போன ஓவியர். அந்த ஊரில் தீப்பிடித்தால் வாளி வாளியாகக் கை மாற்றித்தான் அணைத்தார்கள். 1670-களில் இவர் தன் சகோதரரோடு சேர்ந்து, தோலைத் தைத்து நீளமான குழாய் செய்து தீயணைக்கும் பம்போடு இணைத்தார். 1690-ல் இதைப் பற்றிப் படங்களோடு ஒரு புத்தகமே போட்டார். ஆனால் தைத்த இடத்தில் தோல் ஒழுகும். 1800-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், தையலுக்குப் பதில் ரிவெட் அடித்த தோல் குழாய்கள் வந்தன.

பிறகு ரப்பர். வெயிலில் இளகி, குளிரில் விறைத்துப்போகும் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் உறுதியாகும் என்று சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்தார். அதற்கு நடுவில் பருத்தித் துணியைச் சுற்றி உறுதியான ஓஸ் செய்தார்கள்.

ரப்பர் என்றதும் அம்பத்தூர்க்காரர்களுக்கு டன்லப் ஞாபகம் வரும். 1959-ல் இங்கே தொடங்கிய அந்த டயர் ஆலை இன்று இயங்கவில்லை, பெயர் மட்டும் ஊர் வாயில் நிற்கிறது. ஜான் பாய்ட் டன்லப் பெல்பாஸ்டில் இருந்த ஒரு கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்து 1888-ல் காப்புரிமை வாங்கினார். தோட்டத்து ஓஸ் பைப்பை வெட்டித்தான் அதைச் செய்தார் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையில் அவர் பயன்படுத்தியது மெல்லிய ரப்பர் தகடு.

இன்று நம் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பி.வி.சி. பைப். பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன், 1926-ல் ரப்பரை உலோகத்தில் ஒட்டும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பி.வி.சி.யை ஒரு கரைப்பானில் போட்டுச் சூடாக்க, பசைக்குப் பதிலாக ரப்பர் போல வளையும் பொருள் கிடைத்தது. அதே குட்ரிச்சின் தொழில்நுட்ப உதவியோடு 1960-களில் மேட்டூரில் கெம்பிளாஸ்ட் ஆலை பி.வி.சி. தயாரிக்க ஆரம்பித்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தது.

சரி, பைப் ஏன் மடங்குகிறது? பைப்பை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். வட்டமான குறுக்குவெட்டு முட்டை வடிவத்துக்குப் போகும். முட்டை வடிவம் ஆனதும் வளைவதற்கு எதிர்ப்பு குறையும், அதனால் இன்னும் சப்பையாகும். ஒரு கட்டத்தில் சட்டென்று மடிந்துவிடும். பிரேசியர் என்ற பொறியாளர் 1927-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். சுவர் எவ்வளவு மெல்லிசோ, விட்டம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு சீக்கிரம் மடியும்.

இங்கே நம் வீடுகளுக்கென்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு. உள்ளே தண்ணீர் அழுத்தம் அதிகமாக இருந்தால் பைப் வட்டமாகவே நிற்கப் பார்க்கும். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். நம் மாடித் தொட்டி அந்த உயரம்கூட இருக்காது. ஆகவே வெளிநாட்டில் நன்றாக ஓடும் மெல்லிய பைப் நம் மாடித் தொட்டியில் மாட்டினால் சுலபமாக மடியும்.

இதை வைத்துக் கடையில் பைப் வாங்கும்போது என்ன பார்க்கலாம்?

ஒன்று, இரண்டு பைப்பைக் கையில் வாங்கி வட்டமாக வளையுங்கள். வட்டத்தை மெதுவாகச் சிறிதாக்குங்கள். எது கடைசியில் மடிகிறதோ அதை எடுங்கள். ஒரே விட்டம், ஒரே நீளம் என்றால் கனமானதுதான் பெரும்பாலும் நல்லது.

இரண்டு, நடுவில் நைலான் நூல் பின்னிய பைப் அழுத்தத்தைத் தாங்கும். நூல் சுமார் 55 டிகிரி சாய்வில் இருந்தால் தண்ணீர் அழுத்தத்தில் பைப் வீங்கவும் செய்யாது, நீளவும் செய்யாது. ஆனால் நூல் இருக்கிறது என்பதற்காகச் சுவர் மெல்லிசானதை வாங்கக் கூடாது.

மூன்று, தண்ணீர் லாரிகளில் பார்த்திருப்பீர்கள், சுருள் சுருளாக வரி ஓடிய தடித்த ஓஸ். அந்த விறைப்பான சுருள்தான் அதை மடியவிடாமல் பிடிக்கிறது. மோட்டார் உறிஞ்சும் பக்கத்துக்கு அதுதான் சரி. செடிக்கு அவ்வளவு கனம் தேவையில்லை.

நான்கு, தேவைக்கு மேல் நீளம் வாங்காதீர்கள். மிச்ச நீளம் முழுக்கச் சிக்காகத்தான் மாறும்.

சிக்குக்குப் பாதிக் காரணம் பைப் இல்லை, நாம் சுருட்டும் விதம்! ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பைப்பில் ஒரு முழு முறுக்கு ஏறுகிறது. அடுத்த நாள் முனையைப் பிடித்து இழுத்தால் அத்தனை முறுக்கும் மடிப்பாக வெளியே வரும். தரையில் எட்டு வடிவில் போட்டால் ஒரு பக்கம் ஏறும் முறுக்கு மறுபக்கம் கழிந்துவிடும். வேலை முடிந்ததும் நிழலில் வையுங்கள். வெயிலில் கிடந்தால் பி.வி.சி.யை இளக்கி வைத்திருக்கும் பொருள் மெல்ல வெளியேறி, பைப் விறைத்துப்போகும். அப்புறம் ஒரு முறை மடிந்த இடத்திலேயே மறுபடி மறுபடி மடியும்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றினால் 2019-ஐ நினைத்துப் பாருங்கள். செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டுபோன வருடம். அந்த ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்தது. அங்கிருந்து குழாய்கள் வழியே கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. அவ்வளவு தூரம் வந்த தண்ணீர், கடைசிப் பத்தடியில் ஒரு மடிப்பால் ஜாயின்ட் பிடுங்கிக்கொண்டு சாக்கடைக்குப் போனால் எப்படி இருக்கும்?

உங்கள் ஊரில் இன்னும் எங்காவது கவலைச் சால் இருக்கிறதா? அந்தத் தோல் வாலுக்கு உங்கள் பக்கம் என்ன பெயர் சொல்வார்கள்? வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டுவிட்டு எனக்கும் சொல்லுங்கள். அந்தச் சொற்கள் சாலோடு சேர்ந்து போவதற்குள் எழுதி வைத்துக்கொள்ளலாம்.