ஆஃப் பண்ணி வெச்சாலும் பேட்டரி காலி: மொபைலுக்கு முந்தைய 'கைக்கணினி'களில் நடந்தது என்ன?

சாயங்காலம் ஆஃப் பண்ணி மேஜை மேல வெச்ச கருவி. இரண்டு வாரம் யாரும் தொடவே இல்லை. எடுத்து பட்டனை அழுத்தினால், எதுவும் நடக்கவில்லை. புது செல் போட்ட பிறகுதான் திரை வருது. ஆனால் போன் நம்பர்கள் இல்லை, மீட்டிங் தேதிகள் இல்லை, எழுதி வைத்த குறிப்புகள் இல்லை. புதுசாக வாங்கிய அன்று கேட்ட மாதிரி, "திரையில் புள்ளியைத் தொடவும்" என்று கேட்கிறது.

ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்னால், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் சட்டைப் பையில் கைக்கணினி வைத்திருந்த பலருக்கும் இருந்த பயம் இதுதான். கருவியின் முதுகில் செருகி, எடுக்க மறந்துபோன ஒரு சின்ன மாட்யூலே இதற்குப் போதும். ஆஃப் ஆன கருவியில் பேட்டரி எப்படி தீர்ந்தது? அதோடு டேட்டாவும் ஏன் போனது?

முதுகில் ஒரு பொந்து

நம் ஊரில் 'டிஜிட்டல் டைரி' என்று சொல்வோமே, அதன் பெரிய அண்ணன்தான் கைக்கணினி. அமெரிக்காவில் இந்தச் சந்தையைப் பெரிதாக்கியது பாம் பைலட். அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், டோனா டுபின்ஸ்கி இருவரும் 1998-ல் வெளியேறி ஹேண்ட்ஸ்பிரிங் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே 'வைசர்' வந்தது. அதே பாம் மென்பொருள், இரண்டு AAA பேட்டரி. டீலக்ஸ் மாடல் விலை 249 டாலர், மெமரி 8 எம்.பி. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் பல வீடியோக்கள் அதில் அடங்காது.

வைசரின் புதுமை அதன் பின்பக்கம் இருந்த 'ஸ்பிரிங்போர்டு' என்ற பொந்துதான். கேமரா, மோடம், ஜி.பி.எஸ், பாட்டு கேட்கும் கருவி, கூடுதல் மெமரி என எதை வேண்டுமானாலும் அதில் செருகலாம். தேவையான மென்பொருள் மாட்யூலுக்குள்ளேயே இருக்கும். செருகினால் ஆப் வரும், உருவினால் ஆப்பும் போய்விடும். இன்ஸ்டால் என்ற பேச்சே இல்லை. வசதி என்று பார்த்தால் இன்றைய போன்களில்கூட இவ்வளவு சுத்தமான ஏற்பாடு கிடையாது என்றே சொல்லலாம்.

ஒரே ஒரு சிக்கல். பல மாட்யூல்களுக்குச் சொந்த பேட்டரி கிடையாது. கருவியில் இருக்கும் அந்த இரண்டு AAA-தான் அவற்றுக்கும் சோறு போட வேண்டும்.

'ஆஃப்' என்றால் ஆஃப் இல்லை

இங்கேதான் முக்கியமான விஷயம். அந்தக் காலக் கைக்கணினியில் ஆஃப் பட்டனை அழுத்தினால் திரை அணையும், பிராசசர் தூங்கும். அவ்வளவுதான். உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், மெமரிக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். போகாமல் இருக்கவும் முடியாது. காரணம், பயனாளரின் டேட்டா எல்லாம் இருந்தது ரேமில். ரேம் என்பது மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் இடம். கரண்ட் நின்றால் எல்லாம் அழிந்துவிடும். கருவியின் அடிப்படை மென்பொருள் மட்டும் அழியாத ரோம் சில்லில் இருக்கும். அதனால்தான் பேட்டரி முழுசாகச் செத்துப் புதுசு போட்டால், கருவி கடையில் வாங்கிய நாள் மாதிரி எழுந்து நிற்கும்.

மாட்யூல் எதுவும் இல்லாதபோது இந்தத் தூக்கத்துக்கு மிக மிகக் குறைந்த மின்சாரம் போதும். ஒரு ஜோடி செல் பல வாரங்கள் தாங்கும். மாட்யூல் செருகி இருக்கும்போது கதை மாறுகிறது. கருவி தூங்கினாலும் மாட்யூலும் சேர்ந்து தூங்குமா என்பது அதை வடிவமைத்தவர் கையில் இருக்கிறது. உள்ளே ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் விழித்திருந்தால் போதும், ஒரு சில் சிக்னலுக்காகக் காத்திருந்தால் போதும், சொட்டுச் சொட்டாக மின்சாரம் போகும். குழாயை இறுக்கி மூடாமல் விட்டது போலத்தான்.

எவ்வளவு போகும்?

ஒரு எளிய கணக்கு. நல்ல ஆல்கலைன் AAA செல்லில் சுமார் 1,000 மில்லி ஆம்பியர்-அவர் சக்தி இருக்கும். இரண்டு செல் இருக்கிறதே, 2,000 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டவை. வோல்டேஜ்தான் இரட்டிப்பாகும், கொள்ளளவு அதேதான்.

சும்மா செருகி வைத்த மாட்யூல் 2 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 48. மூன்று வாரத்தில் பேட்டரி காலி. இதில் கருவியின் சொந்தச் செலவைச் சேர்க்கவே இல்லை. அதே மாட்யூல் முழுசாக விழித்து 50 மில்லி ஆம்பியர் எடுத்தால் 20 மணி நேரம்கூட தாங்காது.

உண்மையில் நிலைமை இதைவிடக் கொஞ்சம் மோசம். மாட்யூலுக்குத் தேவை 3.3 வோல்ட். புது ஆல்கலைன் செல் இரண்டு சேர்ந்தாலே 3 வோல்ட்தான். ஆக, கருவிக்குள் இருக்கும் ஒரு சர்க்யூட் வோல்டேஜை ஏற்றித் தர வேண்டும். செல் தளரத் தளர, அதே வேலைக்கு அதிக மின்னோட்டம் இழுக்க வேண்டி வரும். செல் ஜோடி 2.4 வோல்ட்டுக்கு இறங்கியபோது மாட்யூலுக்கு 50 மில்லி ஆம்பியர் தர, செல்லில் இருந்து குறைந்தது 69 எடுக்க வேண்டும். சர்க்யூட்டில் வீணாவது தனி. பேட்டரி பாதி தீர்ந்த பிறகு மீதிப் பாதி மளமளவென்று இறங்குவதாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

எல்லா மாட்யூலும் திருடனா?

இல்லை. ஃபிளாஷ் மெமரி மாட்யூல், புத்தகமோ கேமோ உள்ள மாட்யூல் போன்றவை சும்மா இருக்கும்போது பெரும்பாலும் சாது. ஃபிளாஷுக்கு நினைவு வைத்திருக்க மின்சாரமே தேவையில்லை. மோடம், ஜி.பி.எஸ், கேமரா போன்றவைதான் பசி அதிகம் உள்ளவை. ரேடியோ அலை அனுப்பும் எதையும் இரண்டு AAA-வை நம்பி ஓட்டுவது கஷ்டம். ஹேண்ட்ஸ்பிரிங் கம்பெனிக்கே இது தெரிந்திருந்தது. வைசரை செல்போனாக மாற்றும் 'வைசர்போன்' மாட்யூலுக்கு அவர்கள் தனி ரீசார்ஜ் பேட்டரியே வைத்தார்கள்.

இன்னொரு பக்கம், பழி முழுக்க மாட்யூல் மேல் போடுவதும் நியாயமில்லை. பையில் வேறு பொருளோடு உரசி முன்பக்க பட்டன் அழுந்தினால் கருவி தானாக ஆன் ஆகும். ரீசார்ஜ் செல் போட்டவர்களுக்கு வேறு குழப்பம். அந்த செல் 1.2 வோல்ட் என்பதால் பேட்டரி அளவுகாட்டி தப்பாகக் காட்டும். பாம் மென்பொருளில் எழுதும் இடத்தில் ஷார்ட்கட் குறி, ஒரு புள்ளி, 7 என்ற எண் மூன்றையும் எழுதினால் செல் வகையை மாற்றிக்கொள்ளலாம். தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த வித்தை அது.

பேட்டரி போனால் போகட்டும், டேட்டா?

இரண்டு AAA விலை பெரிய விஷயம் இல்லை. பணயத்தில் இருந்தது அதற்குள் இருந்த தகவல். செல் தளர்ந்து கருவி ஆன் ஆக மறுக்கும் நிலை வந்த பிறகும், மிச்சம் இருக்கும் கொஞ்ச சக்தியில் மெமரி சுமார் ஒரு வாரம் வரை பிழைத்திருக்கும் என்று பாம் வகைக் கருவிகளின் கையேடுகள் சொல்லின. அதற்குள் கவனித்தால் தப்பிக்கலாம். பேட்டரி மாற்றும்போதும் ஒரு நிமிடத்துக்குள் மாற்றிவிட வேண்டும். கழற்றி வைத்துவிட்டு கடைக்கு ஓடினால் அவ்வளவுதான்.

மறந்துபோன மாட்யூல் செய்த கெடுதல் இங்கேதான். வழக்கமாகப் பல வாரம் தாங்கும் என்ற நம்பிக்கையில் ஒருவர் ஊருக்குப் போய்விடுவார். கணக்குப்படி செல் தீரக்கூடாது. ஆனால் தீர்ந்திருக்கும். எச்சரிக்கை வந்தபோது பார்க்க யாரும் இல்லை.

கம்ப்யூட்டரோடு இணைத்து 'ஹாட்சிங்க்' செய்தவர்கள் பிழைத்தார்கள். அதில் பிரதி இருக்கும், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். கடைசி ஹாட்சிங்குக்குப் பிறகு எழுதியது மட்டும் போகும். பயணத்தில் இருப்பவர்களுக்காக பேக்கப் மாட்யூல் ஒன்றும் விற்பனைக்கு வந்தது. டேட்டாவை ஃபிளாஷில் நகல் எடுத்துக்கொண்டு, உருவித் தனியே பையில் வைத்துக்கொள்ளலாம்.

மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

பிரிட்டனின் சயான் கம்பெனி 1991-ல் கொண்டுவந்த சீரிஸ் 3 கருவியில் இரண்டு AA செல்லோடு, நாணய வடிவ லித்தியம் செல் ஒன்றும் காவலுக்கு இருந்தது. பெரிய செல் செத்தாலும் சின்னது மெமரியைக் காப்பாற்றும். அதில் செருகும் ரேம் அட்டைகளுக்கும் தனித்தனியே குட்டி செல் உண்டு. காம்பேக்கின் ஐபேக் (2000) வேறு வழி பிடித்தது. பி.சி. கார்டு செருகுவதற்கான அதன் வெளி உறையிலேயே கூடுதல் பேட்டரி வைத்தார்கள். கருவி கனமானது, ஆனால் பசிக்காரக் கார்டுக்குத் தனிச் சாப்பாடு கிடைத்தது.

பாம் வகையில் நிஜமான தீர்வு வந்தது 2004-ல். அந்த ஆண்டு வந்த டங்ஸ்டன் T5, ட்ரியோ 650 கருவிகள் டேட்டாவை அழியாத ஃபிளாஷ் மெமரிக்கு மாற்றின. அதன் பிறகு பேட்டரி செத்தாலும் நம்பர்கள் அப்படியே இருந்தன. வைசருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஹேண்ட்ஸ்பிரிங் 2003-லேயே பாமோடு இணைந்துவிட்டது.

இன்றைய போனில் இது நடக்குமா?

டேட்டா போகாது. சார்ஜ் போகும். ஓ.டி.ஜி. வழியாகப் பென் டிரைவை செருகிவிட்டுத் திரையை அணைத்தாலும், அதற்குப் போன்தான் மின்சாரம் தருகிறது. டைப்-சி ஹெட்போன் கன்வெர்ட்டர்கள் பலவற்றின் உள்ளேயும் ஒரு சில் இருக்கிறது. பாட்டு ஓடாவிட்டாலும் செருகியே இருந்தால் அது கொஞ்சம் எடுக்கும். ராத்திரி சார்ஜ் இறங்குகிறது என்றால் ஆப்களைக் குறை சொல்வதற்கு முன்னால், சார்ஜ் போர்ட்டில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம். சில கம்பெனி போன்களில் ஓ.டி.ஜி. இணைப்பை செட்டிங்ஸில் தனியாக ஆன் பண்ண வேண்டும். 10 நிமிடம் பயன்படுத்தாவிட்டால் அது தானாக அணைந்துவிடும். 'ஏன் திரும்பத் திரும்ப ஆஃப் ஆகுது?' என்று பலர் எரிச்சல்படும் அந்த வசதி, இந்தக் கசிவைத் தடுக்கத்தான்.