உள்ளேன் ஐயா

வருகைப் பதிவேட்டைத் திறந்து ஆசிரியர் பெயர்களை வாசிக்க, பிள்ளைகள் ஒவ்வொருவராய் எழுந்து 'உள்ளேன் ஐயா' என்று சொல்லும் வழக்கத்தை நம்மில் பலரும் கடந்து வந்திருக்கிறோம். அந்தச் சொல்லை நாம் யோசித்துச் சொன்னதில்லை. உடம்பு பெஞ்சில் இருந்தால் ஆளும் உள்ளதாகத்தான் கணக்கு. உடம்பு அங்கேயே இருக்க, ஆள் மட்டும் பத்து விநாடி இல்லாமற்போய்த் திரும்பும் ஒரு நோய் உண்டு என்பதும், மருத்துவ உலகம் அதற்கு வைத்த பெயரே 'ஆப்சன்ஸ்', அதாவது 'இல்லாமை' என்பதும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் வழியாகத்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

எங்கள் வாசகர் வட்டத்து நண்பர் ஒருவர் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடிப் பக்கத்து ஊரொன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. கணக்கு வரும், பாட்டும் நன்றாக வரும். ஆனால் அடிக்கடி எங்கோ வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பிறகு ஒன்றும் நடவாதது போல எழுதத் தொடங்குவாள். நண்பர் தலையில் குட்டியிருக்கிறார்; ஒருமுறை அல்ல, பலமுறை. வீட்டில் சொன்னபோது அவளுடைய அப்பத்தா, "அவ எந்நேரமும் பராக்குப் பாக்குறவதான் சார், நல்லா நாலு போடு போடுங்க" என்று உரிமமும் வழங்கிவிட்டார்.

பராக்கு என்பது விந்தையான சொல். அரசர் வரும்போது கட்டியக்காரன் 'பராக்' என்று கூவியது எல்லோரும் கவனிக்க வேண்டும் என்பதற்காக. அதே ஒலியுடைய சொல்லையே நாம் கவனமின்மைக்கும் வைத்திருக்கிறோம். 1948 வரை மன்னராட்சி இருந்த புதுக்கோட்டைச் சீமையில் இரு பொருளும் ஒருசேரப் புழங்கியிருக்க வேண்டும். அந்தச் சிறுமியின்மேல் விழுந்தது இரண்டாவது பொருள்.

நண்பரின் எண்ணத்தை மாற்றியது 'சொல்வதை எழுதுதல்' நோட்டு. மற்றப் பிள்ளைகளின் நோட்டில் பிழைகள் இருந்தன. ரகர றகரக் குழப்பம், விடுபட்ட ஒற்று, இத்தகையவை. இவள் நோட்டில் எழுத்துப் பிழை அநேகமாக இல்லை. பதிலாகப் பள்ளங்கள் இருந்தன. ஆற்றில் வெள்ளம் வந்தது, மக்கள் மேட்டில் ஏறினார்கள், மாடுகளை அவிழ்த்து விட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்க, அவள் எழுதியிருந்தது 'ஆற்றில் வெள்ளம் அவிழ்த்து விட்டார்கள்'. பக்கத்துக்கு இரண்டு மூன்று இடங்களில் இப்படி. கவனமில்லாத பிள்ளை எழுதாமல் விட்டுவிடும், அல்லது தப்பாக எழுதும். இவளோ சொல்லின் நடுவே அறுந்து, வேறொரு சொல்லின் நடுவே மீண்டும் தொடங்கியிருந்தாள். கத்தரிக்கோலால் நேரத்தை வெட்டியெடுத்தது போல இருந்தது என்றார் நண்பர்.

பெற்றோரை வற்புறுத்தித் திருச்சிக்கு அழைத்துப் போனார். அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "வலிப்பு ஏதும் உண்டா?" அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. பிள்ளை விழுந்ததில்லை, கைகால் இழுத்ததில்லை, வாயில் நுரை கண்டதில்லை. வலிப்பு என்று எப்படிச் சொல்லலாம்? அவர் சொன்னது முழு உண்மை. மருத்துவர் கண்டறிந்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவே நின்று இடறியது நம்முடைய சொல்தான்.

'வலி' என்றால் இழுத்தல். வில்லை வலித்தல், துடுப்பு வலித்தல் போல, உடம்பு தன்னைத்தானே இழுத்துக்கொள்வது வலிப்பு. காக்கை வலிப்பு, முயல் வலிப்பு, குமரகண்ட வலிப்பு என்று சித்த மருத்துவம் வகுத்த பெயர்களிலும் வலிப்பே அடிச்சொல்லாக நிற்கிறது. இரும்புச் சாவியைக் கையில் திணிக்கும் பயனற்ற வழக்கம்கூட, இறுகிய விரல்களைப் பார்த்து எழுந்ததுதான். கண்ணுக்குத் தெரியும் இழுப்பை வைத்தே நாம் நோய்க்குப் பெயரிட்டோம். இழுப்பே இல்லாத வலிப்பு அந்தப் பெயருக்குள் அடங்கவில்லை. பெயருக்குள் அடங்காதது கண்ணுக்கும் தெரியவில்லை.

வடமொழியில் நிலைமை வேறு. அபஸ்மாரம் என்ற சொல்லில் இழுப்பு இல்லை. நினைவு நீங்குதல் என்பதே அதன் பொருள். சரக சம்ஹிதை நினைவும் அறிவும் மனமும் குலைந்து இருளுக்குள் நுழைவதாக இந்நோயை விளக்குகிறது. (அருவருப்பான உடலசைவுகளையும் சேர்த்தே சொல்கிறது, ஆகவே இந்த மௌன வகையை அது தனியே அறிந்திருந்ததாக நாம் பெருமை கொண்டாட வேண்டியதில்லை.) இந்த அபஸ்மாரனே தமிழில் முயலகன், ஆடல்வல்லானின் காலடியில் கிடப்பவன்.

இதில் புதுக்கோட்டைக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் உள்ள திருவரங்குளத்தில் கிடைத்த சோழர்காலச் செப்புத் திருமேனி சதுர தாண்டவ நடராசர். சிற்பக்கலை நூல்களில் பேர்பெற்ற இப்படிமம் இன்று புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் பழகிய தில்லைக் கோலம்போல இதில் இடக்கால் தூக்கியிருக்காது. முழங்கால்கள் மடங்க, முயலகன்மேல் நின்றாடும் கோலம். நடராசரைப் பார்ப்பவர்கள் கீழே குனிந்து முயலகனை அதிகம் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். பல படிமங்களில் அவன் துடிப்பதில்லை. தலையைத் தூக்கி, விழித்த கண்களோடு எங்கோ பார்த்துக் கிடக்கிறான். நண்பர் வேலை பார்த்த பள்ளியும் அதே சாலையில் இன்னும் சற்று உள்ளே போனால் வரும் ஊரில்தான்.

பிள்ளைக்கு முயலகன் கண்ட கதையும் தமிழில் உண்டு. கொல்லி மழவன் என்னும் சிற்றரசன் தன் மகளுக்குற்ற முயலகன் நோய் எம்மருந்தாலும் தீராதுபோக, அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான் என்றும், அங்கு வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாட அவள் எழுந்தாள் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. கொள்ளிடத்தின் வடகரையில், இன்று திருவாசி என வழங்கும் ஊர் அது. அக்கோயில் நடராசரின் காலடியில் முயலகன் இல்லை, பாம்புதான் உண்டு. நோய் நீங்கியதால் முயலகனும் நீங்கினான் என்பது தலவரலாறு. பக்தி ஒருபுறமிருக்க, எங்கள் கவனம் போனது வேறிடத்துக்கு. சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டு, சேக்கிழார் காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. பெண்பிள்ளை ஒருத்தியின் வலிப்பை மூடிமறைக்காமல், அவள் அரசன் மகளாக இருந்தும், ஊரறியக் கோயிலில் கிடத்தி உதவி கேட்ட தந்தையை நம் இலக்கியம் பதிந்து வைத்திருக்கிறது. நம் காலத்துக்குத்தான் அந்தத் துணிவு இல்லை. திருச்சியிலிருந்து திரும்பும் பேருந்தில் அந்தச் சிறுமியின் அம்மா நண்பரிடம் சொன்னது இது: "பொம்பளப் புள்ள சார், வெளிய சொல்லிராதீங்க."

அவரைக் குறைசொல்ல முடியாது. இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் செய்யப்பட்ட திருத்தம், திரும்பத் திரும்ப வரும் பித்தையும் வலிப்பையும் ஒரே வரியில் சேர்த்து வைத்து, அவற்றுக்கு ஆளானவரின் திருமணத்துக்குத் தடை நிறுத்தியது. 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வலிப்பு என்ற சொல் அங்கிருந்து நீக்கப்பட்டது. இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரு நாட்டின் சட்டப் புத்தகமே சொன்னதை ஊர் அத்தனை விரைவில் மறக்குமா?

ஐரோப்பியரும் இந்த மௌன நோயை எளிதில் கண்டுகொள்ளவில்லை. 1705இல் பூபார் என்ற பிரெஞ்சுக்காரர் ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். பேசிக்கொண்டே இருப்பவள் திடீரென நின்று, கண் திறந்தபடி அசையாதிருந்து, விட்ட சொல்லிலிருந்தே பேச்சைத் தொடர்ந்தாளாம். இடையில் நின்றதே அவளுக்குத் தெரியாது. 1770இல் திஸ்ஸோ என்ற சுவிஸ் மருத்துவர் தம் வலிப்பு நூலில் இத்தகைய சிறு தாக்குதல்களை விவரித்தார். 'ஆப்சன்ஸ்' என்ற சொல்லைக் கால்மேய் என்பவர் 1824இல் கையாண்டார். சிறு நோய் என்று பொருள்படும் 'பெதி மால்' என்ற பெயரும் அக்காலத்ததே. பெரிய வலிப்புக்கு இலக்கியத்தில் இடம் கிடைத்தது. தஸ்தயெவ்ஸ்கிக்கு அந்நோய் இருந்தது. தமிழில் 'அசடன்' என்று வந்திருக்கும் நாவலின் மிஷ்கினுக்கும் கொடுத்தார். மூன்று வயதுகூட நிரம்பாத அவருடைய மகன் 1878இல் வலிப்பால் இறந்தான். ஆனால் 'சிறு நோய்' எழுத்தாளர்களை ஈர்க்கவில்லை. பத்து விநாடி இல்லாமற்போகும் குழந்தையைக் கதையில் எப்படிக் காட்டுவது? அதன் பார்வையில் எதுவுமே நடக்கவில்லை.

பூபாரின் பெண்ணை வாசித்தபோது எங்களுக்கு அந்த நோட்டுதான் நினைவுக்கு வந்தது. உரையாடலில் எதிராளி காத்திருப்பார். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வகுப்பறையோ காத்திருப்பதில்லை. அது பாட்டுக்கு மேட்டில் ஏறி மாடுகளை அவிழ்த்து விட்டுவிடுகிறது.

இல்லாமையை முதன்முதலில் காகிதத்தில் காட்டியது மின்சாரம். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை 1924இல் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். 1935இல் அமெரிக்காவில் கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் மூவரும் இந்நோயுள்ளவர்களின் அலைகளை வரைந்தபோது, ஒரு கூர்முனை, தொடர்ந்து ஒரு மெல்லலை, மீண்டும் கூர்முனை என விநாடிக்கு மூன்றாக ஒரே சீரான வரிசை வந்தது. மூளையின் நடுவே உள்ள தலாமஸும் மேற்புறணியும் ஒரு தாளத்தில் மாட்டிக்கொள்ள, அந்நேரத்தில் வெளியிலிருந்து வரும் எதுவும் நினைவாகப் பதிவதில்லை. தாளம் விட்டதும் குழந்தை திரும்பிவிடுகிறது. மயக்கமோ களைப்போ இல்லை.

பெரும்பாலும் நான்கு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தொடங்கும் நோய் இது. சிறுமிகளிடம் சற்று அதிகம். ஒருமுறைக்குப் பத்து விநாடியளவே என்றாலும் ஒரு நாளில் பலமுறை, சிலருக்கு நூறு முறைகூட வரலாம். பராக்குப் பார்க்கும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பும். இந்நோயுள்ள பிள்ளை அப்போது திரும்பாது. சலிப்பான வேளையில் மட்டுமல்லாமல், ஓடிவிளையாடும்போதும் உண்ணும்போதும் நடுவே நின்றுவிடும். இமை துடிக்கலாம், உதடு மெல்லுவதுபோல் அசையலாம். இன்னொரு அடையாளமும் உண்டு. தொடர்ந்து மூன்று நிமிடம் ஆழ்ந்து மூச்சுவிடச் சொன்னால், மருந்து எடுக்காத பிள்ளைகளில் அநேகருக்கு மருத்துவர் கண்முன்னேயே தாக்குதல் வந்துவிடும். சிறு குழந்தைகள் கையில் காற்றாடியைக் கொடுத்து ஊதச் சொல்வதுண்டு. நம் சிறுமியும் ஊதினாள். காற்றாடி சுற்றியது, மெதுவானது, நின்றது. அவள் அதைப் பிடித்தபடி இருந்தாள். அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா அழத் தொடங்கியபோது, "ஏம்மா அழுவுற?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஊதினாளாம்.

மருந்து உண்டு என்பதைச் சொல்லாமல் விடலாகாது. 1950களின் இறுதியில் வந்த எத்தோசக்சிமைடு இன்றும் முதல் தேர்வு. 2010இல் வெளியான, 453 குழந்தைகள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில் அதுவும் வால்ப்ரோயிக் அமிலமும் லாமோட்ரிஜினைவிட நன்கு வேலை செய்தன. கவனத்தைக் குறைவாகக் கெடுத்தது எத்தோசக்சிமைடு. வால்ப்ரோயேட் கருவிலிருக்கும் சிசுவைப் பாதிக்கக் கூடியது என்பதால், பெண்பிள்ளைகள் விஷயத்தில் மருத்துவர்கள் பின்னாளையும் யோசிக்கிறார்கள். பிற வலிப்புகளுக்குப் பரவலாகத் தரப்படும் கார்பமசபைன், பெனிட்டாயின் இரண்டும் இந்நோயை மோசமாக்கக் கூடியவை. ஆகவே 'வலிப்புதானே' என்று ஒருவருடைய மாத்திரையை இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பது ஆபத்து. பெரும்பாலான பிள்ளைகள் பதின்வயதில் இதிலிருந்து விடுபட்டுவிடுகிறார்கள். சிலருக்கு வேறுவகை வலிப்பாகத் தொடர்வதும் உண்டு.

அந்தச் சிறுமிக்கு மருந்து தொடங்கிய இரண்டு மாதத்தில் நோட்டில் பள்ளங்கள் மறைந்தன. பிறகுதான் எழுத்துப் பிழைகள் வரத் தொடங்கின, மற்றப் பிள்ளைகளைப் போலவே. அவற்றைச் சிவப்பு மையால் சுழிக்கும்போது தமக்குச் சிரிப்பு வந்தது என்றார் நண்பர். பழைய நோட்டைப் பெற்றோரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். எங்கள் கூட்டமொன்றில் அது கைமாறிச் சுற்றி வந்தபோது யாரும் அதிகம் பேசவில்லை. குட்டியதைப் பற்றி மட்டும் அவரே ஒருமுறை பேச்செடுத்தார். "அந்த நேரத்துல குட்டுனது அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. முடிஞ்சப்பறம் தலை வலிச்சிருக்கும், எதுக்குன்னு தெரிஞ்சிருக்காது" என்றார்.