போர் நூதனசாலைகளும் கிழக்குக் கரையும்: சில குறிப்புகள்

கல்முனை, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களைச் சேர்ந்த நண்பர்கள் ஐவர் நாம். நம்மில் ஒருவருக்குப் பழைய துப்பாக்கிகளிலும் கப்பல்களிலும் இருந்த ஈடுபாடே எம்மை வெளிநாடுகளின் போர் நூதனசாலைகளுக்கு இட்டுச் சென்றது. ஏனையோர் துணைக்குச் சென்றவர்கள். பயணம் தொடங்கியபோது ஆராய்ச்சி நோக்கம் எதுவும் எம்மிடம் இருக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுதல் நன்று. ஆயின் சில ஆண்டுகளாக அம்ஸ்ரடாம், லண்டன், டோக்கியோ, காஞ்சனபுரி என ஒவ்வொன்றாகப் பார்த்துவருகையில் எம்முள் ஒரு கேள்வி வலுப்பெற்றது. எமது கடலும் கரையும் தொடர்புற்ற போர்கள் இந்நூதனசாலைகளிற் பேசப்படுகின்றன. அக்கரையில் வாழ்ந்தோர் அங்கு எவ்வாறு இடம்பெறுகின்றனர்? இடம்பெறுகின்றனரா? இக்கட்டுரை அக்கேள்வியின் வழியே சென்று கண்ட சிலவற்றைக் கூறுவது.

போர் நூதனசாலை என்பது பெரும்பாலும் வென்ற அரசின் களஞ்சியமாகத் தொடங்கிய நிறுவனம். பகைவரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கியும் கொடியும் வாளுமே அதன் முதற் சேகரம். பின்னரே வரலாற்று விளக்கங்கள் அவற்றின் அருகே வந்து சேர்ந்தன. இத்தோற்றம் மனங்கொள்ளத்தக்கது. எப்பொருள் அங்கிருக்கிறது என்பதைப் போலவே, அது எவ்வாறு அங்கு வந்தது என்பதும் வரலாறே.

இதற்குத் தக்க சான்று லெவ்கே திசாவையின் பீரங்கி. அம்ஸ்ரடாமின் ரெய்க்ஸ்மியூசியம் படைத்துறை நூதனசாலையன்று. நெதர்லாந்தின் தேசிய நூதனசாலை அது. எனினும் எமது நண்பரின் பட்டியலில் அது முதலிடம் பெற்றமைக்கு இப்பீரங்கியே காரணம். பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கற்களும் பதித்த, அளவிற் சிறிய, சடங்குக்குரிய பீரங்கி. 1745 அளவில் கண்டியரசனுக்குக் காணிக்கையாக அளிக்கப்பட்டது. 1765 இல் தேசாதிபதி வான் எக்கின் தலைமையில் கண்டிக்குள் புகுந்த ஒல்லாந்தப் படை அரண்மனையைக் கொள்ளையிட்டபோது இதனையும் எடுத்துச் சென்றது. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நெதர்லாந்தில் இருந்த பின்னர், 2023 டிசெம்பரில் நெதர்லாந்து அரசு இதனை வேறு ஐந்து பொருள்களோடு இலங்கையிடம் கையளித்தது. மகிழ்ச்சிக்குரிய நிகழ்வு. ஆயின் இதனைப் பற்றிய பேச்சு அனைத்தும் கண்டி, கொழும்பு, அம்ஸ்ரடாம் என்ற மூன்று நகரங்களுக்குள் அடங்கிவிட்டது.

உண்மையில் இப்பீரங்கியின் கதையில் எமது கரைக்கும் பங்குண்டு. வான் எக் 1765 இலேயே இறந்தார். கண்டியை ஒல்லாந்தரால் நிலையாகப் பிடித்து வைத்திருக்கவும் முடியவில்லை. ஆயினும் அப்போரின் முடிவில், 1766 பெப்ரவரி 14 இல், கீர்த்திசிறீ இராசசிங்கனோடு செய்யப்பட்ட உடன்படிக்கை இலங்கையின் கரையோரம் முழுவதையும் கம்பெனியின் ஆட்சிக்குரியதாக்கியது. கடலிலிருந்து உள்நோக்கி ஒரு காவதம், அதாவது ஏறத்தாழ நான்கு மைல் அகலமான நிலம், தீவைச் சுற்றிலும் கண்டியிடமிருந்து பிரிக்கப்பட்டது. கல்முனையும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் அட்டாளைச்சேனையும் இன்று எங்கிருக்கின்றனவோ, அந்த மணற்பட்டையே இது.

இப்பிரிப்பின் கனத்தை உணர்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1602 இல் ஒல்லாந்தரான ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புப் பகுதியில் இறங்கியே கண்டிக்குச் சென்றான். கண்டியின் கடல்வாயில் அன்று கிழக்கிலேயே இருந்தது. போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னன் அவர்களுள் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்று குவேறோஸ் பாதிரியார் எழுதியுள்ளார். அரசனின் கருணை என்று மட்டும் இதனைக் கொள்ளும் வழக்கம் எமது மேடைப் பேச்சுகளில் உண்டு. அக்கருணைக்குப் பொருளியல் அடிப்படையும் இருந்தது. எருதுகளின் மேல் பொதி ஏற்றிச் செல்லும் தவளங்கள் மூலம் உப்பையும் கருவாட்டையும் துணியையும் மலைநாட்டுக்குக் கொண்டுசென்று, பாக்கு முதலியவற்றைக் கரைக்குக் கொண்டுவந்தவர்களுள் சோனகர் முக்கியமானோர். கடற்கரையைக் காக்கவும் வணிகத்தை நடத்தவும் கண்டிக்கு இம்மக்கள் வேண்டியிருந்தனர். 1628 இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை கட்டியதும், 1638 மே மாதத்தில் ஒல்லாந்தரும் இரண்டாம் இராசசிங்கனும் சேர்ந்து அதனைக் கைப்பற்றியதும் இவ்வழியின் வாயிலைப் பிடிப்பதற்கான போட்டியே. 1766 இன் உடன்படிக்கையோடு அவ்வாயிலின் மீது மலைநாட்டு அரசுக்கிருந்த உரிமை முடிவுற்றது. தவளக்காரனுக்கு அது தன் பாதையின் ஒரு முனை அந்நிய ஆட்சிக்குள் போனதாகும். பீரங்கி திரும்பி வந்தபோது எழுதப்பட்டவற்றுள் நாம் படித்த எதிலும் இத்தொடர்பைக் காணவில்லை.

அடுத்து, எமது ஊர்களில் பலரும் ஓரளவு அறிந்த செய்தி. 1942 ஏப்பிரில் 9 ஆந் திகதி, யப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. நான்கு நாள்களுக்கு முன்னர் கொழும்பு தாக்கப்பட்டிருந்தது. திருகோணமலையிலிருந்து முன்கூட்டியே தெற்கு நோக்கி அனுப்பப்பட்ட பிரித்தானியக் கப்பலான ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பாற் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வடிவமைக்கப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. தாக்கப்பட்ட வேளையில் அதில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. 307 பேர் இறந்தனர். உயிர் தப்பியோரிற் பெரும்பாலோரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் மீட்டது. கப்பல் இன்றும் ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்திற் கிடக்கிறது. வெளிநாட்டுச் சுழியோடிகள் அதனைக் காண வருகின்றனர்.

லண்டனின் பேரரசுப் போர் நூதனசாலை 1917 இல், முதலாம் உலகப் போர் முடியுமுன்னரே நிறுவப்பட்டது. அது 1936 முதல் இயங்கிவரும் கட்டிடம் முன்னர் பெத்லெம் மனநோய் மருத்துவமனையாக இருந்தது. இதனைக் கேள்வியுற்ற நிந்தவூர் நண்பர் நெடுநேரம் சிரித்தார். டோக்கியோவில் யசுகுனி ஆலயத்தோடு சேர்ந்த யூஷுகான் 1882 இல் நிறுவப்பட்டது. அதன் முன்மண்டபத்தில் நிற்கும் சீரோ விமானத்தின் வகையைச் சேர்ந்தவையே நகுமோவின் கப்பல்களிலிருந்து எமது வானில் பறந்தன. யப்பானின் ஆக்கிரமிப்பை விடுதலைப் போர்போற் காட்டுகிறது என்ற கண்டனம் இந்நூதனசாலை மீது நெடுங்காலமாக உண்டு. நேரிற் பார்த்தபின் அக்கண்டனம் நியாயமானதென்றே நாமும் கருதுகிறோம். லண்டனிலும் டோக்கியோவிலும் போர் கூறப்படும் முறை வேறு வேறு. ஆயின் ஒன்றில் இரண்டும் ஒத்துப்போகின்றன. இரண்டிலும் இந்து சமுத்திரம் கப்பல்கள் சந்திக்கும் வெறும் நீர்ப்பரப்பு. அதற்குக் கரை உண்டென்றும், கரையில் ஆட்கள் உண்டென்றும் அறிவதற்கு நாம் கண்ட கூடங்களில் வழியில்லை.

கரையிலோ போர் வேறு உருவில் வந்தது. 1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும் இலங்கையின் அரிசி இறக்குமதிக்கான முதன்மை வழி அடைபட்டது. பங்கீட்டு முறை வந்தது. அரசு உள்நாட்டு நெற்கொள்வனவுத் திட்டத்தைக் கொண்டுவந்து, விளைவித்தவனிடமிருந்து நெல்லைக் கட்டாயமாகப் பெறத் தலைப்பட்டது. நெல்லையே நம்பி வாழும் எமது பகுதியில் இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. போடியாரின் களத்துக்கு வந்த அரசாங்க உத்தியோகத்தரும், வயலில் கூலிக்கு நின்ற வயற்காரனின் பங்கும், மலாயா வீழ்ந்தபின் நேச நாடுகளுக்கு எஞ்சிய முக்கிய இறப்பர் மூலமாக இலங்கை விளங்கியமையும் உலகப் போரின் பகுதிகளே. ஹேர்மிஸின் மணியையோ கொடியையோ கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். களத்தில் அளக்கப்பட்ட நெல்லை எந்தப் பெட்டியில் வைப்பது?

யூஷுகானின் முன்மண்டபத்தில் விமானத்தோடு ஒரு நீராவிப் புகையிரத இயந்திரமும் நிற்கிறது. சீ 56 வகையில் 31 ஆம் இலக்கம். தாய்லாந்து–பர்மாப் புகையிரதப் பாதையில் ஓடியது. அப்பாதையிற் பணியாற்றிய முன்னாள் யப்பானியப் படையினர் அதனைத் தாயகத்துக்கு மீட்டு, 1979 இல் ஆலயத்துக்கு ஒப்படைத்தனர். துலக்கி நிறுத்தப்பட்ட அந்த இயந்திரத்தின் முன் நின்றபோதே காஞ்சனபுரிக்குச் செல்வதென்று முடிவு செய்தோம்.

ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதை 1942 இன் நடுப்பகுதிக்கும் 1943 ஒக்ரோபருக்கும் இடையில் அமைக்கப்பட்டது. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டனர். 12,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சத்தையும் தாண்டுவர். அவர்களுள் இறந்தோர் தொண்ணூறாயிரம் வரை என்பது பலரும் கூறும் மதிப்பீடு. பர்மியரும் யாவாத்தீவினரும் அவர்களிடையே இருந்தனர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினர். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கொன்றன. கைதிகளுக்குத் தம் படை மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தனர்; இறந்தவரின் பெயரைக் குறித்துவைக்க ஆளிருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அவ்வமைப்பு எதுவும் இல்லை. காட்டுக்குள் குடும்பமாகச் சென்றோரும் உண்டு.

காஞ்சனபுரி நகரின் நடுவே உள்ள போர் மயானத்தில் ஏறத்தாழ 7000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. அவற்றில் உறங்குவோர் பிரித்தானிய, அவுஸ்திரேலிய, ஒல்லாந்தப் படையினர். புல் ஒழுங்காக வெட்டப்படுகிறது. பெயர், வயது, படைப்பிரிவு யாவும் பொறிக்கப்பட்டுள்ளன. 1977 இல் ஒரு பௌத்த மடாலயத்தில் அமைக்கப்பட்ட ஜீத் நூதனசாலைக்கும் சென்றோம். அப்பெயர் நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளாலானது: யப்பான், இங்கிலாந்து, அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும், தாய்லாந்து, ஒல்லாந்து. மிகுதியாக இறந்தோரின் நாடுகளான பர்மாவுக்கும் மலாயாவுக்கும் அதில் எழுத்தில்லை. தீய நோக்கம் எதையும் நாம் கற்பிக்கவில்லை. கைதிகளின் மூங்கிற் குடிசையைப் போன்றே அமைக்கப்பட்ட எளிமையான இடம் அது. வரலாற்றில் எவருக்கு எழுத்துண்டு என்பதை அச்சிறு பெயர்ப்பலகையே எமக்குக் கற்பித்தது.

அதே நகரின் வட் தாவோன் விகாரையில் ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் புதைக்கப்பட்ட இடமொன்று உண்டு. அண்மை ஆண்டுகளில் மலேசியத் தமிழர் சிலரின் முயற்சியால் அவர்களுக்காக அங்கு நடுகல் எழுப்பப்பட்டுள்ளது. ஆநிரை மீட்டு வீழ்ந்த வீரனுக்குப் பெயரும் சிறப்பும் பொறித்துக் கல் நடுதல் பண்டைத் தமிழர் வழக்கம். அவ்வழக்கம், ஆயுதமே ஏந்தாத, பெயரும் எஞ்சாத தொழிலாளர் கூட்டத்துக்காகத் தாய்லாந்தில் மீண்டும் உயிர்பெற்றமை தமிழ்ப் பண்பாட்டாய்வாளர் கவனிக்கவேண்டிய மாற்றம். இப்பயணங்களில் நாம் கண்டவற்றுள் மிகப் பெறுமதியானது இதுவே என்பது எமது கருத்து. துப்பாக்கிகளில் ஈடுபாடுள்ள நண்பர் மட்டும் இன்றும் இதற்கு உடன்படவில்லை.

ஊர் திரும்பியபின் எமது கரையையும் அதே கண்ணோடு பார்க்கத் தொடங்கினோம். இங்கு பழம்போர்களின் ஆயுதங்கள் எஞ்சவில்லை, ஊர்ப்பெயர்களே எஞ்சியுள்ளன. திமிலரோடு முக்குவர் செய்த போரில் முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்றனர் என்ற மரபுக்கதை மட்டக்களப்பு நாட்டில் வழங்குகிறது. திமிலரைத் துரத்திச் சென்றோர் பகைவரைக் கொன்ற இடம் சத்துருக்கொண்டான். வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை. இவ்வாறே ஏறாவூருக்கும் சந்திவெளிக்கும் காரணம் கூறுவர். சொற்பிறப்பியல் நோக்கில் இவை அனைத்தும் ஏற்கத்தக்கன அல்ல. ஆயினும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பக்கத்தில் நின்ற ஒரு போரை மக்கள் ஊர்ப்பெயர்களில் வைத்துப் பேணினர் என்பது சமூக வரலாற்றுக்கு முக்கியமானது.

அண்மைக்காலப் போரை அவ்வாறு பேணுதல் எளிதாக இல்லை. 1990 யூன் மாதத்தில் கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களிற் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். இராணுவம் கல்முனையை மீளக் கைப்பற்றியபின் தமிழ் இளைஞர் பலர் கொல்லப்பட்டனர், பலர் காணாமலாக்கப்பட்டனர். ஓகஸ்ட் 3 ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். ஏறாவூர் அதனைத் தொடர்ந்தது. செப்ரெம்பர் 9 இல் சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளும் உட்படத் தமிழர் நூற்றுக்கு மேற்பட்டோர் இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். பின்னர் 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் வீடுகளோடு போன உறுதிகளையும் நிழற்படங்களையும் கணக்கிட்டவர் எவருமிலர்.

இவற்றையெல்லாம் ஒரே கூரையின் கீழ்க் கூறும் நூதனசாலை எமது கரையில் வேண்டுமா என்று ஐவரும் பலமுறை விவாதித்தோம். இப்பொழுது அமைத்தால் ஒவ்வொரு சமூகமும் தன் இறந்தோரை மட்டுமே எண்ணும் என்கிறார் ஒருவர். பிந்தினால் எண்ணுவதற்குச் சாட்சிகளே இருக்கமாட்டார்கள் என்கிறார் மற்றொருவர். தமிழ் இறந்தோரும் முஸ்லிம் இறந்தோரும் ஒரே சுவரில் எழுதப்படும்வரை நூதனசாலை என்ற பேச்சே வேண்டாம் என்பது அக்கரைப்பற்று நண்பரின் நிலைப்பாடு. முடிவுக்கு வரவில்லை. ஆயினும் 1942 இன் கூப்பன் காலத்தையும் 1990 ஐயும் நினைவில் வைத்திருப்போரின் வாய்மொழிகளை, இரு சமூகத்தாரிடமும், ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியுள்ளோம்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் கரைப்பாதையிற் காத்தான்குடி வருகிறது. அங்குள்ள மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் குண்டு துளைத்த அடையாளங்கள் பூசி மறைக்கப்படாமல் விடப்பட்டுள்ளன. நுழைவுச்சீட்டு இல்லை. நாம் சென்றபோது அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். அச்சுவரின் அருகே நின்றே தொழுதோம்.