சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி: கட்டணமில்லாக் கல்வியின் வரலாறு

சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சமுதாயக் கல்லூரியாகும். அந்நகரில் வசிப்போர் இங்கு கல்விக் கட்டணமின்றிப் படிக்கலாம். 2017இல் தொடங்கிய இத்திட்டம் 'இலவச நகரம்' எனப்படுகிறது. ஆனால் இது புதிய சலுகையன்று. ஒரு தலைமுறைக்கு முன் பறிபோன உரிமையின் மீட்பு.

தோற்றம்

பள்ளிப்படிப்பை முடித்தோருக்கு இரண்டாண்டுப் படிப்பும் தொழிற்பயிற்சியும் தருபவை சமுதாயக் கல்லூரிகள். இவற்றில் படித்தவர்கள் பின்னர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர முடியும். உயர்நிலைப் பள்ளிகள் மேல்வகுப்புகள் நடத்த அனுமதிக்கும் சட்டம் கலிபோர்னியாவில் 1907இல் வந்தது. பள்ளியின் தொடர்ச்சியாக வளர்ந்ததால், இக்கல்லூரிகள் உள்ளூர் மாணவரிடம் கல்விக் கட்டணம் வாங்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ கல்லூரி பொருளாதாரப் பெருமந்தக் காலமான 1935இல் தொடங்கப்பட்டது. சொந்த வளாகம் இல்லாததால் வகுப்புகள் நகரின் பல இடங்களில் நடந்தன. 1940இல் ஓஷன் அவென்யூ வளாகம் திறக்கப்பட்டது.

கட்டணம் நுழைந்தது

1978இல் கலிபோர்னிய வாக்காளர்கள் சொத்து வரிக்கு உச்சவரம்பு விதித்தனர். அவ்வரியை நம்பியிருந்த கல்லூரிகளின் வருவாய் சுருங்கியது. 1984இல் பாட அலகு ஒன்றுக்கு 5 டாலர் கட்டணம் முதன்முறையாக விதிக்கப்பட்டது. 2012இல் அது 46 டாலரை எட்டியது. வறிய மாணவர்களுக்கு விலக்கு இருந்தது. விலக்குப் பெறும் அளவுக்கு வறுமையில்லாத, ஆனால் வாடகை மிகுந்த நகரில் வாழத் திணறிய உழைப்பாளிகளே சுமையைத் தாங்கினர்.

2013இல் கல்லூரியின் தரச்சான்று அங்கீகாரத்தை நீக்க உரிய ஆணையம் முடிவெடுத்தது. நகர நிர்வாகத்தின் வழக்கறிஞர் நீதிமன்றம் சென்றார். 2014 தொடக்கத்தில் தடையாணை கிடைத்தது. ஆனாலும் கல்லூரி மூடப்படும் என்ற அச்சத்தில் மாணவர் எண்ணிக்கை பெரிதும் சரிந்தது. 2017 சனவரியில்தான் அங்கீகாரம் ஏழாண்டுகளுக்கு உறுதியானது.

மீட்பு

50 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோகும் சொத்துகளின் கைமாற்று வரியை உயர்த்தும் தீர்மானத்தை, 2016 நவம்பரில் நகர வாக்காளர்கள் ஏற்றனர். நகரவை உறுப்பினர் ஜேன் கிம் இதை முன்னெடுத்தார். 2017 இலையுதிர்காலப் பருவத்திலிருந்து நகரவாசிகளின் கட்டணத்தை நகர நிர்வாகமே செலுத்தியது. ஏற்கெனவே விலக்குப் பெற்றிருந்த வறிய மாணவர்களுக்குப் புத்தகம் போன்ற செலவுகளுக்கு உதவித்தொகை கிடைத்தது.

இத்திட்டத்தில் ஒரு பலவீனம் இருந்தது. அவ்வரி நகரின் பொது நிதியில் சேருமே தவிர, கல்லூரிக்கென்று சட்டப்படி ஒதுக்கப்படவில்லை. எனவே ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் நிதிக்காகப் பேரம் பேச வேண்டியிருந்தது. 2019இல் ஏற்பட்ட பத்தாண்டு உடன்பாடு இந்நிலையை மாற்றியது.

1978இல் ஒரு வாக்கெடுப்பு கட்டணத்துக்கு வழிவிட்டது. 2016இல் மற்றொன்று அதை நீக்க வழிசெய்தது. இலவசக் கல்விக்கும் செலவு உண்டு. அதை மாணவர் ஏற்பதா, ஊர் ஏற்பதா என்பதே இரு முறையும் வாக்காளர் முன் நின்ற கேள்வி.